வாசகர் கேள்வி – பதில்: பிட்ஸ்பர்க்கில் ஆறுகள் கூடும் முனை

கோடையில் பிள்ளைகள் வீட்டுக்கு அமெரிக்கா போகிறவர்களிடமிருந்து பிட்ஸ்பர்க் பற்றிக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நகருக்கு வெளியே பென் ஹில்ஸில் உள்ள வெங்கடேஸ்வரப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள், அப்படியே நகரத்துக்குள் அலெகேனியும் மொனாங்கஹீலாவும் கூடி ஒஹையோ ஆறாகும் இடத்தையும் பார்த்துவிட நினைக்கிறார்கள். அந்த முனையில் இருப்பது பாயின்ட் ஸ்டேட் பார்க். 36 ஏக்கர். நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளூரில் ‘பாயின்ட்’ என்று கேட்டாலே வழி சொல்வார்கள். இந்த இதழில் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கோயிலையும் பூங்காவையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? எதை முதலில் வைத்துக்கொள்வது? காரை எங்கே விடுவது?
– வாசகி, கும்பகோணம்

தாராளமாக முடியும். கோயிலை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தரிசனத்தை முடித்து, கோயில் உணவகத்தில் புளியோதரையும் தயிர்சாதமும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பூங்காவுக்குள் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

கோயிலிலிருந்து பாயின்ட் சுமார் 12 மைல். தூரம் பெரிதல்ல, வழியில் வரும் ஸ்குவிரல் ஹில் சுரங்கம்தான் தொல்லை. விபத்து எதுவும் நடந்திருக்காது. ஆனாலும் சுரங்க வாய் வந்ததும் ஒவ்வொரு வண்டியும் கொஞ்சம் வேகத்தைக் குறைக்கும், அந்தக் கொஞ்சம் பின்னால் போகப் போகப் பெரிய நெரிசலாகிவிடும். வார நாள் என்றால் மாலை நான்கு மணிக்கு முன்பே சுரங்கத்தைத் தாண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏழுக்குப் பிறகு வாருங்கள். ஜூன், ஜூலையில் சூரியன் மறைய ஏறக்குறைய ஒன்பது மணி ஆகும் என்பதால் ஏழு மணி அங்கே தாமதமே அல்ல.

பூங்காவுக்கு என்று வண்டி நிறுத்தும் இடம் கிடையாது. அக்கம்பக்கத்துக் கட்டணக் கட்டடங்களில் விடலாம். நாங்கள் சொல்லும் வழி வேறு. அலெகேனி ஆற்றுக்கு அக்கரையில் நார்த் ஷோர் பகுதியில் காரை விட்டுவிட்டு, ‘டி’ என்று அழைக்கப்படும் நகர ரயிலில் ஏறுங்கள். நார்த் சைட் நிலையத்துக்கு அடுத்த நிலையம் கேட்வே. ரயில் ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போகிறது, இந்தப் பகுதிக்குக் கட்டணமும் இல்லை. கேட்வேயிலிருந்து மேற்கே நடந்து காமன்வெல்த் பிளேஸ் தெருவைத் தாண்டினால் பூங்கா.

ஓர் எச்சரிக்கை. நார்த் ஷோரில்தான் ஸ்டீலர்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து மைதானமும் பைரேட்ஸ் பேஸ்பால் மைதானமும் இருக்கின்றன. உள்ளூரில் ஆட்டம் உள்ள நாளில் நிறுத்தக் கட்டணம் எகிறும், ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. இரண்டு அணிகளின் ஆட்ட அட்டவணையையும் மகனைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

‘மான் வார்ஃப்’ என்ற இடத்தில் நிறுத்தினால் மலிவு என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், திருச்சி

மலிவு என்பது சரி. ஆனால் அது மொனாங்கஹீலா ஆற்றின் கரை விளிம்பிலேயே இருக்கிறது. பாயின்ட்டில் ஆற்றின் உயரத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்று உண்டு. சாதாரண நாட்களில் 16 அடியை ஒட்டி நிற்கும். 18 அடியைத் தொட்டால் வார்ஃபில் தண்ணீர் ஏறும், அதனால் அதற்கு முன்பே மூடிவிடுவார்கள். அதாவது இயல்பு நிலைக்கும் மூழ்கும் நிலைக்கும் இடையே இரண்டடிதான். பனி உருகும் மார்ச் மாதத்திலும், மலைப்பக்கம் நல்ல மழை பெய்த மறுநாளும் அங்கே வண்டியை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள். நகரத்தில் வெயில் அடிக்கிறதே என்று பார்த்து முடிவு செய்யக் கூடாது. மழை பெய்தது மேற்கு வர்ஜீனியாவாக இருக்கும், தண்ணீர் வந்து சேர்வது இங்கே.

25 அடியை வெள்ள நிலை என்று வைத்திருக்கிறார்கள். அதை நெருங்கும்போது ஆற்றை ஒட்டிய நெடுஞ்சாலையின் தாழ்ந்த பகுதியில் தண்ணீர் நிற்கும். உள்ளூர்க்காரர்கள் அதற்கு ‘பாத்டப்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 2004 செப்டம்பரில் ஐவன் சூறாவளியின் மிச்சம் வந்தபோது 31 அடி. 1936 மார்ச்சில் 46 அடி, அதுதான் இன்றுவரை உச்சம். அமெரிக்க தேசிய வானிலை சேவையின் இணையதளத்தில் பிட்ஸ்பர்க் அளவை அன்றாடம் பார்க்கலாம். முதல் நாள் இரவு ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஆறு உயர்ந்திருந்தால் தண்ணீரோரப் பாதை அடைபட்டிருக்கும், பூங்கா முனையில் உள்ள நீரூற்றும் ஓடாது.

இரண்டு ஆறும் இரண்டு நிறத்தில் வந்து சேர்வதாகப் படம் பார்த்தேன். பூங்காவில் நின்றால் அது தெரியுமா?
– வாசகர், பவானி

உங்கள் ஊர்க்காரருக்கு இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். முனையில் நின்று பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. கண் மட்டம் தண்ணீருக்கு மிக அருகில் இருப்பதால் வானத்தின் பிரதிபலிப்பு நிறத்தை மறைத்துவிடும். எதிரே தெற்கில் நிற்கும் மவுண்ட் வாஷிங்டன் குன்றின் மேலிருந்து பார்க்க வேண்டும். டூகேன் இன்க்லைன் என்ற மலையேறும் இழுவை ரயிலின் மேல் நிலையத்தை ஒட்டிய பார்வை மேடை இதற்கு ஏற்ற இடம்.

வடக்கிலிருந்து வரும் அலெகேனி பனியுகப் பனிப்பாளங்கள் கொட்டிவிட்டுப் போன கூழாங்கல், மணல் மீது ஓடி வருவது. அதனால் பச்சை சாயலோடு தெளிவாக இருக்கும். மொனாங்கஹீலா தெற்கே மேற்கு வர்ஜீனியாவில் பிறந்து வண்டல் மண்ணை அள்ளிக்கொண்டு வருவது, பழுப்பாக இருக்கும். பார்ஜ் எனப்படும் தட்டையான நிலக்கரிப் படகுகள் அடியைக் கலக்கிக்கொண்டே போவதும் ஒரு காரணம். இரண்டிலும் அலெகேனிதான் அதிகத் தண்ணீர் கொண்டுவருகிறது. ஒரு பக்கம் மட்டும் மழை பெய்த ஓரிரு நாளில் இரண்டு நிறமும் சந்திக்கும் கோடு நன்றாகத் தெரியும். இரண்டு பக்கமும் கொட்டினால் எல்லாம் ஒரே செம்பழுப்பு. வாரக்கணக்கில் மழையே இல்லை என்றாலும் கோடு மங்கிவிடும்.

மொனாங்கஹீலா தெற்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடுகிறது. காசியில் கங்கையை ‘உத்தரவாகினி’ என்று கொண்டாடுகிறவர்கள் இதையும் கவனித்து வைத்துக்கொள்ளலாம்.

பாயின்ட்டில் ஆறுகள் கூடும் துறையில் மகாளய அமாவாசைத் தர்ப்பணம் செய்ய ஆசை. முழுக்குப் போடலாமா? அஸ்தி கரைக்க அனுமதி உண்டா?
– வாசகர், ஸ்ரீரங்கம்

மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

முழுக்கு கூடவே கூடாது. பூங்காவில் ஆற்றில் இறங்க அனுமதி இல்லை, அது வெறும் சட்டத்துக்காகச் சொல்வதும் அல்ல. சுமார் 6 மைல் கீழே எம்ஸ்வொர்த் அணை இந்தத் தண்ணீரைப் படகுப் போக்குவரத்துக்காகத் தேக்கி நிறுத்தியிருக்கிறது. மேலே பார்த்தால் குளம் போல அசையாமல் இருக்கும், கீழே இழுப்பு உண்டு. கரையில் தெரியும் படிகளை நம் ஊர்ப் படித்துறை என்று எண்ணிவிடாதீர்கள். கால் வைக்க வைக்க மெல்ல ஆழமாகும் துறை அல்ல அது, படி முடிந்த இடத்தில் ஆழம். பார்ஜ் ஒன்று கடந்து போய்க் கொஞ்ச நேரம் கழித்து அதன் அலை வந்து படியை அடிக்கும். பாசி பிடித்த கீழ்ப் படியில் நிற்பவர் அப்போதுதான் வழுக்குவார்.

இன்னொன்றும் உண்டு. பிட்ஸ்பர்க்கின் பழைய பகுதிகளில் மழைநீருக்கும் சாக்கடைக்கும் ஒரே குழாய். சாதாரணத் தூறலுக்கே குழாய் நிரம்பி, மிஞ்சியது ஆற்றில் வழியும். கோடை மாதங்களில் அப்படி வழிந்தால் மாவட்டச் சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுக்கும், படகுத் துறைகளில் ஆரஞ்சுக் கொடி ஏற்றுவார்கள். மழை பெய்து இரண்டு நாளாவது போகாமல் அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். தீர்த்தம், ஆசமனம் என்று வாயில் வைக்கவே வேண்டாம், எந்த நாளிலும்.

தர்ப்பணத்துக்கு வீட்டிலிருந்தே செம்பில் தண்ணீர், எள், தர்ப்பை, ஒரு தாம்பாளம் கொண்டுபோங்கள். படியில் இறங்காமல் மேலே நடைபாதையை ஒட்டிய திண்டில் உட்கார்ந்து தாம்பாளத்தில் விடுங்கள். நெருப்பு மூட்டும் சடங்கு எதையும் அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். பூ, வாழை இலை, துணி எதையும் ஆற்றில் விடாதீர்கள், குப்பை போட்ட குற்றமாகும். விடியற்காலையில் போனால் கூட்டம் இருக்காது, உங்களுக்கும் நிம்மதி.

அஸ்தி விஷயத்தில் யாரோ கரைத்தார்களாம் என்ற பேச்சை நம்பிப் போகாதீர்கள். பூங்கா மாநில அரசுக்குச் சொந்தம். பூங்கா அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஈமச்சடங்கு நிலையத்தார் மூலமாகக் கேட்பது இன்னும் சுலபம், அவர்களுக்கு நடைமுறை தெரியும்.

பிரயாகையில் சரஸ்வதி, பவானியில் அமுத நதி என்று கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆறு உண்டு. பிட்ஸ்பர்க்கிலும் பூமிக்கடியில் ஓர் ஆறு ஓடுகிறதாமே?
– வாசகி, ஈரோடு

இருக்கிறது, அதை நீங்கள் கண்ணாலும் பார்க்கலாம். முனையில் உள்ள பெரிய நீரூற்றில் வருவது அந்தத் தண்ணீர்தான்.

ஆற்றுப்படுகைக்குக் கீழே பனியுகத்தில் படிந்த மணலும் சரளையும் தடித்த அடுக்காகக் கிடக்கின்றன. அந்த இடுக்குகளில் நிற்கும் நிலத்தடி நீரை அங்கே ‘நான்காவது ஆறு’ என்கிறார்கள். குகை போல ஒரு வாய்க்கால் கீழே ஓடுவதாக நினைக்க வேண்டாம். சரளைக்குள் மெதுவாகக் கசிந்து நகரும் நீர், அவ்வளவே. கிணறு போட்டு எடுத்து, மோட்டார் வைத்து 150 அடி உயரத்துக்குப் பீய்ச்சுகிறார்கள். நீரூற்றைத் திறந்தது 1974 ஆகஸ்டில். பிறகு 2009ல் பழுதுபார்க்க நிறுத்தி, 2013 ஜூனில் மறுபடி ஓடவிட்டார்கள்.

குளிர்காலத்தில் ஓடாது, குழாயில் தண்ணீர் உறைந்துவிடும். மேற்குக் காற்று பலமாக இருந்தால் தூவானம் மேடையின் நகரப் பக்கத்தில் இறங்கும். புடவையும் கேமராவும் நனையாமல் இருக்க ஆற்றுப் பக்கமாகப் போய் நில்லுங்கள். தொட்டியில் காலை நனைக்கக் குழந்தைகள் ஓடும். அதற்கு அனுமதி இல்லை.

மூன்று வயதுப் பேரன், சக்கர நாற்காலியில் மாமியார். சமாளிக்க முடியுமா?
– வாசகி, கோவை

நாற்காலிக்குப் பிரச்சினை இல்லை. நகரப் பக்க நுழைவிலிருந்து நீரூற்று வரை மேடு பள்ளம் இல்லாத அகலப் பாதை, மெதுவாகத் தள்ளினால் பத்து நிமிடம். நடுவில் நெடுஞ்சாலைப் பாலம் ஒன்று குறுக்கே போகும். அதன் தாழ்ந்த வளைவுக்கு அடியில் நுழையும்போது மேலே வண்டிகள் போகும் சத்தம் கேட்கும். வளைவைத் தாண்டியதும் புல்வெளியும், அதன் கடைசியில் நீரூற்றும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும். மாமியாரை அங்கே ஒரு நிமிடம் நிறுத்துங்கள், அந்தப் பூங்காவை வடிவமைத்தவர்கள் காட்ட நினைத்த காட்சி அதுதான்.

பேரன் விஷயம் வேறு. ஆற்றோர நடைபாதையின் விளிம்பில் தடுப்புக் கம்பி கிடையாது. நீரூற்று மேடையிலும் தண்ணீர்ப் பக்கம் திறந்தே இருக்கும். மூன்று வயதுப் பிள்ளையைப் புல்வெளியில் மட்டும் ஓடவிடுங்கள், விளிம்புப் பக்கம் போனால் ஒருவர் கையைப் பிடித்தே இருக்க வேண்டும். புல்வெளியில் கனடா வாத்துகள் கூட்டமாக மேயும். அவை போட்டுவிட்டுப் போவது பச்சையாகப் புல்லோடு புல்லாகக் கிடக்கும், உட்கார்ந்த பிறகுதான் தெரியும். ஜமக்காளம் இல்லாமல் சாப்பாட்டைப் பிரிக்காதீர்கள். வாத்துக்குச் சாதம் போடவும் வேண்டாம், கூட்டம் சூழ்ந்துகொள்ளும்.

நீரூற்றுப் பக்கம் நிழல் இல்லை. ஜூலை நடுப்பகலில் முதியவரைக் கூட்டிப் போவதைத் தவிர்த்து, மாலை ஐந்துக்கு மேல் போங்கள். முனை மேற்கு பார்த்திருப்பதால் சூரியன் ஒஹையோ ஆற்றுக்கு நேராக இறங்குவதையும் பார்த்துவிடலாம்.

அங்கே கோட்டை இருந்ததாமே, இப்போது என்ன மிச்சம்?
– வரலாற்று ஆசிரியர், வேலூர்

இரண்டு கோட்டைகள். முதலாவது பிரெஞ்சுக்காரர்கள் 1754ல் கட்டிய ஃபோர்ட் டூகேன். அந்த ஆண்டு வர்ஜீனியாக்காரர்கள் அங்கே ஒரு சின்னக் கோட்டை எழுப்பத் தொடங்க, பிரெஞ்சுப் படை வந்து விரட்டிவிட்டுத் தன் கோட்டையைக் கட்டியது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த வழியே போன 21 வயது ஜார்ஜ் வாஷிங்டன், கோட்டைக்கு இதைவிட வாகான இடம் இல்லை என்ற பொருள்பட எழுதி வைத்திருந்தார். இரண்டு ஆற்றுக்கும் வாசல் அது, பிடித்தவர் கையில் உள்நாடு. 1758 நவம்பரில் ஜெனரல் ஃபோர்ப்ஸின் பிரிட்டிஷ் படை நெருங்கியதும் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்குத் தாங்களே தீ வைத்துவிட்டுப் போனார்கள். ஃபோர்ப்ஸ் பிரிட்டிஷ் அமைச்சர் வில்லியம் பிட் பெயரை ஊருக்கு வைத்தார். அடுத்து எழுந்தது ஐங்கோண வடிவ ஃபோர்ட் பிட்.

உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல ஒரு தகவல். ஃபோர்ட் டூகேன் எரிந்த அடுத்த மாதமே லாலியின் பிரெஞ்சுப் படை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. 1760ல் வந்தவாசி, 1761ல் புதுச்சேரி வீழ்ச்சி. அதே இரண்டு அரசுகளுக்கிடையே நடந்த அதே ஏழாண்டுப் போர்தான், களம் மட்டும் ஒஹையோவில் ஒன்று, நம் தமிழகப் பகுதியில் ஒன்று.

இன்று நிஜமாக நிற்பது 1764ல் கட்டிய பிளாக் ஹவுஸ் மட்டும். சின்ன ஐமூலைச் செங்கல் கட்டடம். அனுமதி இலவசம். கதவுக்கு மேலே கர்னல் புகே பெயரும் ஆண்டும் பொறித்த கல்லைப் பாருங்கள். பிறகு சுவரைச் சுற்றி ஓடும் கனத்த மரச் சட்டங்களில் துப்பாக்கி நீட்டுவதற்காக வெட்டிய துளைகளைப் பாருங்கள். பக்கத்தில் ஃபோர்ட் பிட் அருங்காட்சியகம், கோட்டையின் ஒரு கொத்தளத்தை மறுபடி கட்டி அதற்குள் வைத்திருக்கிறார்கள், அதற்குக் கட்டணம் உண்டு. ஃபோர்ட் டூகேனின் எல்லைக் கோட்டைப் புல்வெளியில் கல் பதித்துக் காட்டியிருக்கிறார்கள். தரையைப் பார்த்து நடக்காவிட்டால் கோட்டைக்குள் நுழைந்து வெளியே வந்ததே தெரியாது. குளிர்காலத்தில் பிளாக் ஹவுஸ் திறக்கும் நாட்கள் குறைவு, கேட்டுக்கொண்டு போங்கள்.

மலைக்கு ஏறும் இழுவை ரயிலுக்குப் பூங்காவிலிருந்து எப்படிப் போவது? இரண்டில் எது நல்லது?
– வாசகர், பழனி

1870ல் தொடங்கிய மொனாங்கஹீலா இன்க்லைன், 1877ல் தொடங்கிய டூகேன் இன்க்லைன் என்று இரண்டு உண்டு. ஃபோர்ட் பிட் பாலத்தில் நடைபாதை இருக்கிறதே என்று டூகேனுக்கு நடந்தே கிளம்பாதீர்கள். பாலத்தில் வண்டிச் சத்தம் காதைக் கிழிக்கும், இறங்கிய பிறகும் சாலையோர நடை பாக்கி இருக்கும்.

கேட்வேயில் ‘டி’ ஏறி ஸ்டேஷன் ஸ்கொயரில் இறங்குங்கள். இது இலவச எல்லைக்கு வெளியே, 2.75 டாலர். கனெக்ட் கார்டு என்ற பயண அட்டையில் கட்டினால் மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி கட்ட வேண்டாம், மொனாங்கஹீலா இன்க்லைனுக்கும் அது செல்லும். தெருவைத் தாண்டினால் இன்க்லைன். மேலே ஏறி கிராண்ட்வியூ அவென்யூ வழியாக ஏறக்குறைய ஒரு மைல் மேற்கே நடந்தால் டூகேன் மேல் நிலையம். நிறக்கோட்டுக்கு அங்கிருந்து பார்ப்பதுதான் சரி. சக்கர நாற்காலி இருந்தால் மொனாங்கஹீலாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது அடிக்கடி பழுதுபார்ப்புக்கு மூடப்படும், அன்று ஓடுகிறதா என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். டூகேனுக்குச் சில்லறை டாலர் கையில் இருக்கட்டும்.

காலையில் சூரியன் நகரத்துக்குப் பின்னாலிருந்து வருவதால் படம் கறுத்துப்போகும். பிற்பகலில்தான் கட்டடங்கள் மேல் வெயில் விழும். விளக்கு ஏற்றும் நேரம் வரை இருந்தால் இன்னும் நல்லது.

பூங்காவிலிருந்து வாஷிங்டன் டி.சி. வரை சைக்கிளில் போகலாமாமே?
– வாசகர், பெங்களூரு

போகலாம். கிரேட் அலெகேனி பேசேஜ் பாதை பாயின்ட்டில் முடிகிறது. அங்கிருந்து மேரிலாந்தின் கம்பர்லாண்ட் வரை 150 மைல், பிறகு பழைய கால்வாய்க்கரைப் பாதையில் 184.5 மைல். முதல் பாதை பழைய ரயில் தடம் என்பதால் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். இரண்டாவது மண்பாதை, மழைக்குப் பிறகு சேறாகும், மெல்லிய டயர் உதவாது.

ட்ரோன் பறக்கவிடலாமா? மீன் பிடிக்கலாமா?
– கல்லூரி மாணவர், சென்னை

ட்ரோனுக்கு அங்கே அனுமதி இல்லை. மீன் பிடிக்கலாம். 16 வயது நிரம்பியவர்கள் பென்சில்வேனியா மாநில மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும், சுற்றுலாப் பயணிக்குச் சில நாள் உரிமமும் உண்டு, இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். மது கொண்டுபோகக் கூடாது. நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். இரவு 11 மணிக்குப் பூங்காவை மூடுவார்கள்.